பார்க்கில் ஓடக்கூடாது

எனக்கு ஒன்பது வயதாகும்வரை எங்கள் குடும்பம் போன பயணங்கள் எல்லாம் மடு மாதா கோயிலில்தான் முடிந்தன. பாதை திறந்திருக்கும் வருசங்களில் திருவிழாவுக்குப் போவோம். சண்டையால் மூடியிருக்கும் வருசங்களில் வீட்டிலிருந்தபடியே மாதாவைக் கும்பிட்டு, அடுத்த வருசம் கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவைப்போம். ஆகவே சண்டை முடிந்த மறுவருசம் சின்ன மாமா தன் வான் வண்டியில் வந்து இறங்கி, பளபளப்பான ஒரு தாளை மேசையில் விரித்து, "அக்கா, இந்தமுறை பிள்ளையளை இஞ்ச கூட்டிக்கொண்டு போவம்" என்றபோது, அந்தத் தாளில் மாதா எங்கே இருக்கிறார் என்றுதான் நான் முதலில் தேடினேன்.

மாதா இல்லை. நீல நிறக் குழாய்கள் வளைந்து வளைந்து இறங்கின. அவற்றின் முனையிலிருந்து பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள் விழுந்தார்கள். ஒரு பெரிய தொட்டியில் அலை அடித்தது. கொழும்புப் பக்கம் இருக்கிற தண்ணீர்ப் பார்க் அது. மாமா இலுப்பைக்கடவையில் வாடகை வான் ஓடுகிறவர். ஒருமுறை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தார்.

அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். செய்தி பரவியதும் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்பாவை விடவில்லை. "அலை பாக்கக் கொழும்புக்குப் போறியளாம். ஏன், இஞ்ச அடிக்கிறது காணாதோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தால் அவர் பார்த்தது குழாயையும் அல்ல, அலையையும் அல்ல. படத்தில் இருந்த கூட்டத்தைத்தான் பார்த்தார். விரலை வைத்து ஆட்களை எண்ணக்கூடச் செய்தார்.

மூன்று நாள் யோசித்துவிட்டு, "போவம். ஆனால் பிள்ளையள் முதல்ல பழக வேணும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு விதமான ஆயத்தம் நடந்தது. அம்மா என்னென்ன கொண்டுபோவது என்று யோசித்தார். அப்பா யாரையும் தொலைக்காமல் கொண்டுவருவது எப்படி என்று யோசித்தார். அம்மாவின் பட்டியலில் இடியப்பமும் சம்பலும் மாற்றுடுப்பும் இருந்தன. அப்பாவின் பட்டியலில் மூன்றே விதிகள் இருந்தன.

முதலாவது, தொலைந்துபோனால் ஓடக்கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டாவது, இரண்டு கைகளும் வெளியில் தெரிய வேண்டும். பொக்கற்றுக்குள் விடவோ முதுகுக்குப் பின்னால் கட்டவோ கூடாது. மூன்றாவது, யாராவது வந்து கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில். மேலதிகமாக ஒரு சொல்லும் கூடாது.

பின்னேரங்களில் பயிற்சி. அப்பா படலையடியில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு இருப்பார். நாங்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்துக்கொண்டு மெல்ல நடந்து போக வேண்டும். "நம மொகத?" என்பார். அது பெயர் என்ன என்ற கேள்வி. "கொஹேத யன்னே?" என்பார். அது எங்கே போகிறாய் என்ற கேள்வி. தெற்கே போனால் சிங்களத்தில்தான் கேட்பார்கள், சிங்களத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. சிங்களத்தில் அப்பாவைத் தாத்தா என்று சொல்ல வேண்டும் என்றதும், ஐந்து வயதுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முழுக்க அப்பாவைத் தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே திரிந்தான். வரிசையில் நின்று பழகுவதற்கு அவனை விட்டபோது அவன் தெருவில் திரிந்த ஒரு கழுதைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கழுதை நடந்தபோது அவனும் ஒழுங்காக வரிசையில் நடந்து பக்கத்து வளவுவரை போய்விட்டான்.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பிள்ளையள் விளையாடப் போகுதுகளோ, சோதினைக்குப் போகுதுகளோ?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒண்டுதான்" என்றார் அப்பா.

இந்த முதலாவது விதி எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் படம் தொங்கும். அப்பாவின் ஒரே தம்பி. மீசை சரியாக முளைக்காத முகம், பிளாஸ்ரிக் பூமாலை. நான் பிறப்பதற்கு முன்னமே இல்லாமற்போனவர். அவரைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போதெல்லாம் கடைசியில் யாராவது ஒருவர், "ஓடினபடியால்தான்" என்று சொல்வார்கள். அதோடு கதை நின்றுவிடும். நான் என் புத்திக்கு எட்டியபடி அதை விளங்கிவைத்திருந்தேன். சித்தப்பா ஏதோ திருவிழாக் கூட்டத்தில் விளையாட்டாக ஓடித் தொலைந்துபோய்விட்டார். ஆகவே மடுவில் ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கும்போதெல்லாம், நான் சித்தப்பாவின் பெயர் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் அப்பா ஒரு துண்டில் பெயர், ஊர், தன் தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி என் சட்டைப் பொக்கற்றில் வைத்தார். எழுத்தில் இருப்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. விடியப்புறம் மாமாவின் வான் கிளம்பியது. பாலத்தடிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், வானை மறித்து, ஆமிக்காரர் ஒருவர் தலையை உள்ளே விட்டு அப்பாவிடம் கேட்டார்: "நம மொகத? கொஹேத யன்னே?" எங்கள் படலையடியில் கேட்ட அதே கேள்விகள், அதே ஒழுங்கில்! நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கும் பார்க்குக்குப் போகிற ஆசை இருக்கிறது, பாவம், அதுதான் பழகுகிறார் என்று நினைத்தேன். தம்பி உற்சாகம் தாங்காமல் இரண்டு கைகளையும் விரித்துக்காட்டித் தன் பெயரைச் சொன்னான். ஆமிக்காரர் சிரித்து அவன் கன்னத்தில் தட்டினார். அப்பா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பார்க் தாளில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. முதலில் சின்னப் பிள்ளைகளின் தொட்டியில் இறங்கினோம். ஒரு மணித்தியாலம் ஊறிக் கிடந்துவிட்டு எழும்பியபோதுதான் பொக்கற்றைப் பார்த்தேன். அப்பா எழுதிய துண்டு கூழாகிவிட்டது. சட்டையில் ஒரு நீலக் கறை மட்டும் மிச்சம். அப்பா ஏசுவார் என்ற பயத்தில் கறையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

பிறகு அலைத்தொட்டியைப் பார்க்க நடந்தோம். அப்பா தம்பியைப் பிடித்திருந்தார், அம்மா என்னைப் பிடித்திருந்தார். சோடாக் கடையடியில் வந்தபோது, எங்கேயோ ஒரு சங்கு "பூம்" என்று ஊதியது. அலை தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. அவ்வளவுதான், பார்க்கில் இருந்த சனம் முழுக்க ஓடத் தொடங்கியது. தம்பி அப்பாவின் கையை உதறிக்கொண்டு ஓடினான். அப்பா அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார். நழுவிய சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நான் பின்னால் வருகிறேன் என்ற நம்பிக்கையில் அம்மாவும் ஓடினார்.

நான் ஓடவில்லை. ஓடக்கூடாது என்பதுதானே முதலாவது விதி. அப்பா மறந்துவிட்டார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சனம் போய் முடிந்தபோது நான் தனியே நின்றுகொண்டிருந்தேன். சீமெந்துத் தரை காலைச் சுட்டது. இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தேன். ஆனாலும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

காக்கிக் காற்சட்டையும் தொப்பியும் போட்ட காவல்காரர் ஒருவர் வந்தார். என் முன்னால் குந்தியிருந்து என் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். நான் திரும்ப விரித்தேன். அவர் திரும்ப இறக்கினார். பெயர் கேட்டார், சொன்னேன். நிழலுக்கு வா என்று கையைக் காட்டினார், நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். நான் நிழலுக்குப் போகவில்லை என்றதும் அவர் நிழலை என்னிடம் கொண்டுவந்தார்: சோடாக் கடையின் பெரிய குடையைப் பிடுங்கிக்கொண்டுவந்து என் தலைக்குமேல் பிடித்தார். விரித்த கையில் ஓர் ஐஸ்பழமும் வந்தது.

தமிழ் தெரிந்த ஒரு அக்காவை அவர் கூப்பிட்டார். அங்கே கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறவர். "பாப்பா, யார்கூட வந்தீங்க?" என்று கேட்டார்.

"தாத்தா" என்றேன். தெற்கே அப்படித்தானே சொல்ல வேண்டும்.

அக்கா விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு ஓடிப்போய், தலை நரைத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவங்களா?"

"இல்லை" என்றேன்.

அடுத்ததாக, ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். அவரும் இல்லை. மூன்றாவதாக வந்தவர் யாரோ ஒருவருடைய தாத்தா. பேரப்பிள்ளைகள் பின்னாலேயே வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். "உங்க தாத்தா எப்படி இருப்பாங்க?" என்று அக்கா கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்பது மூன்றாவது விதி.

இதற்கிடையில் அம்மா அந்த வழியால் இரண்டு முறை போனாராம். குடை தெரிந்ததாம், குடைக்குக் கீழே நான் தெரியவில்லை. அப்பாவோ தம்பியை மாமாவிடம் விட்டுவிட்டு அலைத்தொட்டிக்குள் இருந்தார். நான் தண்ணீருக்குள் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அத்தனை கால்களுக்கும் இடையில் முக்குளித்து முக்குளித்துத் தேடியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த மனிதர், இடுப்பளவு தண்ணீரில் மூச்சுத் திணறி நின்றாராம். பிறகு மாமா சொல்லித்தான் எனக்கு அதெல்லாம் தெரியும்.

கடைசியில் அப்பாவை நான்தான் முதலில் கண்டேன். குடையை விலக்கி எட்டிப் பார்த்தேன். தூரத்தில் அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். சாரம் நனைந்து ஒட்டியிருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் தொப்பி போட்ட ஆள் நிற்கிறார், அப்பா ஓடி வருகிறார். முதலாவது விதியை அப்பாவே மீறுகிறார். எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது.

"அப்பா, ஓடாதேங்கோ!" என்று கத்தினேன்.

அப்பா நின்றார். அப்படியே நின்றார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். இரண்டு கைகளும் தாமாக உடம்பைவிட்டு விலகி விரிந்தன. எங்களுக்கு நடுவில் இருபது அடி இருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை, காவல்காரரைப் பார்த்தார். காவல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "எண்ட மஹத்தயா, எண்ட" என்று சிரித்த முகத்தோடு கூப்பிட்டார். வாருங்கள் ஐயா, வாருங்கள் என்று.

அதற்குப் பிறகுதான் அப்பா நடந்தார். கைகளை விரித்தபடி, மெல்ல மெல்ல, அந்த இருபது அடியையும் நடந்தே வந்தார். வந்து முழங்காலில் விழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பின்னால் வந்த அம்மா பையைப் போட்டுவிட்டுச் சுடுதரையிலேயே குந்தி, வாய்விட்டு அழுதார். அக்கா மட்டும், "இவரையா தாத்தான்னு சொன்னீங்க!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"துண்டு நனைஞ்சுபோச்சு அப்பா" என்றேன். "ஆனால் நான் ஓடேல்ல."

அப்பா என் முகத்தைத் துடைத்தார். "கெட்டிக்காரி" என்றார். பிறகு, "இஞ்ச ஓடலாம், பிள்ளை" என்றார். "இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். இஞ்ச நீ ஓடலாம்."

அடுத்த சங்கு ஊதியபோது அப்பா ஒரு கையில் என்னையும் மற்றக் கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அம்மா, "விழப்போறியள், விழப்போறியள்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். அலை வந்து நான்கு பேரையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டது. அப்பா தண்ணீரைத் துப்பிவிட்டு, "உப்பில்லாத கடல்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஊருக்கு வந்ததும் நான் பள்ளிக்கூடத்தில் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை, அலையைப் பற்றியும் சொல்லவில்லை. எங்கள் அப்பா நான் சொன்னால் கேட்பார், ஓடாதேங்கோ என்றதும் அப்படியே நின்றார் என்றுதான் ஒரு மாதம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா கூட்டத்தில் தொலைந்துபோகவில்லை என்பதும், ஆமி மறித்த இடத்தில் அவர் ஓடியபோது அப்பா பின்னால் நின்று, "ஓடாதை, ஓடாதை" என்று கத்தினார் என்பதும், சித்தப்பா அன்று நிற்கவில்லை என்பதும், நான் பெரியவளானபிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பாவின் படத்தைப் பார்க்கும்போது வந்த ஒரு பரிதாபம் மட்டுமே. பாவம், அவருக்கு யாரும் படலையடியில் கதிரை போட்டு இந்த விதியைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.