பதினாறு எட்டு நீளம், இரண்டு எட்டு அகலம்

கொல்லத்திலிருந்து கிளம்பி நான்காம் நாள். ஆரியங்காவுக் கணவாயும் செங்கோட்டையும் பின்னால் போய்விட்டன. குற்றாலத்துப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ரயிலில் வரக் காசில்லை, காலில் வர வழியிருந்தது. கொல்லத்தில் இரண்டு வருஷம் சரக்கு வள்ளத்தில் கழி ஊன்றினேன். அங்கே யாரோடும் சண்டை இல்லை. ஒரே கால்வாயைப் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் பார்த்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். வள்ளமே கண்ணில் படாத ஊராகப் பார்த்துப் போக வேண்டும் என்று மலை ஏறி இறங்கியிருந்தேன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை.

குற்றாலத்துக்குக் கீழே பாதையோரம் ஒரு குளம். சாரலுக்கு நிறைந்து கிடந்தது. கரையில் பத்துப் பேர் நின்றார்கள். குளத்தில் ஒரு வள்ளம் நின்றது. முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசிய கறுப்பு உடம்பு, இரு முனையும் தூக்கிய மூக்கு, அசல் கொல்லத்துச் சரக்கு வள்ளம். அதன் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் பாசியோடு ஒரு தச்சாசாரி நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"படகா இது? தென்ன மட்டயில ஏறி நிக்க மாதிரில்லா இருக்கு! ஒத்தக் காலுதான் வச்சேன், கவுத்துட்டு!"

கரையில் நின்றவர்களிடம் விசாரித்ததில் கதை தெரிந்தது. வள்ளம் தென்காசி அரிசிக்கடை அண்ணாச்சியுடையது. குடை பிடித்துக்கொண்டு நின்றார். சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் குளத்தில் சுற்றிக்காட்டலாம் என்று கொல்லத்தில் பழசாக வாங்கியிருக்கிறார். அந்த வள்ளத்தில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலைப் பிரித்து, பலகைகளை ரயிலில் ஏற்றி வந்து, கொல்லத்து ஆட்களையே கூட்டிவந்து இங்கே மறுபடி தைத்தாகிவிட்டது. தைத்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கழி ஊன்ற ஆள் கிடைத்துவிட்டான். ஏறத்தான் ஆள் இல்லை. கால் வைத்தவனையெல்லாம் அது குளத்தில் தள்ளியது.

ஆசாரி கரையேறி வேட்டியைப் பிழிந்தார். "அண்ணாச்சி, நான் சொல்லுதத கேளும். காலைல ரம்பத்தோட வாரேன். நடுவுல குறுக்க அறுத்து, ரெண்டு துண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆணி அடிச்சிருதேன். நீளம் பாதி, அகலம் ரெட்டிப்பு. கோயில் தெப்பம் கணக்கா ஜம்முனு நிக்கும்."

அண்ணாச்சி தலையாட்டத் தொடங்கினார். தெப்பத்தை மட்டுமே பார்த்த ஊருக்கு அது நியாயமான யோசனைதான். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னவே சிரிக்கீரு? எந்த ஊரு நீரு?" என்றார் அண்ணாச்சி.

"கடையம் பக்கம், அண்ணாச்சி. ரெண்டு வருசமா கொல்லத்துல இதுக்குள்ளதான் கெடந்தேன். அறுத்துராதீய. அறுத்தா அது பொறவு வள்ளமே இல்ல."

எனக்குப் பள்ளிக்கூடக் கணக்கு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. வள்ளத்தின் கணக்கு மட்டும் காலில் இருந்தது. கழியைக் கால்வாயின் தரையில் ஊன்றிக்கொண்டு முன்மூக்கிலிருந்து பின்மூக்குவரை விளிம்பில் நடக்க வேண்டும். என் நடைக்குப் பதினாறு எட்டு. குறுக்கே இரண்டு எட்டு வைக்கலாம், மூன்றாவது எட்டு தண்ணீரில்தான். குறுக்கே படுத்தால் முழங்காலை மடக்க வேண்டும். நீளம் எட்டுப் பங்கு, அகலம் ஒரு பங்கு என்ற அந்த அளவைக் கால்வாய்தான் கொடுத்தது. எதிரில் ஒரு வள்ளம் வந்தால் இரண்டும் உரசாமல் விலக வேண்டும். நீளமும் ஒடுக்கமுமாக இருந்தால்தான் ஒற்றை ஆள் தள்ளினாலும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்.

அங்கே பழைய வள்ளம் வாங்க வருகிறவன் அழகைப் பார்ப்பதில்லை. தையல் கயிற்றை நகத்தால் அழுத்திப் பார்ப்பான். பிறகு எத்தனை மூட்டை என்று கேட்பான். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நிற்கும்வரை எத்தனை மூட்டை ஏறுமோ அதுதான் அதன் மதிப்பு. ஆணி அடித்த வள்ளத்தை விறகுக்குத்தான் கேட்பார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். ஆசாரி கேட்டார்: "எல்லாஞ் சரிவே. என்னைய ஏன் தள்ளிச்சு?"

"வெறும் வள்ளம் ஆடத்தான் செய்யும். அதுக்கு வயித்துல கனம் வேணும். அந்த வண்டி மூட்டைகள ஏத்திப் பாப்போமா?"

பாதையில் அண்ணாச்சியின் வண்டி நின்றது. குற்றாலத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிற அரிசி, பன்னிரண்டு மூட்டை. அண்ணாச்சி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முங்கிச்சுன்னா?"

"அரிசியோட நானும் முங்குதேன், அண்ணாச்சி."

"நீரு முங்கி எனக்கு என்ன ஆகப்போவுது?" என்றார். ஆனாலும் ஏற்றச் சொன்னார்.

நடு வரிசையில், அடித்தளத்தோடு ஒட்டி மூட்டைகளை அடுக்கினேன். ஒவ்வொரு மூட்டைக்கும் வள்ளம் விரல்கடை இறங்கியது. எட்டாவது மூட்டைக்கு ஆட்டம் குறைந்தது. பன்னிரண்டாவதுக்கு, படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. ஆசாரியை ஏறச் சொன்னேன். சந்தேகத்தோடு ஒரு கால் வைத்தார், மறு கால் வைத்தார், பிறகு நடுவில் நின்று குதித்தார். கரை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் குனிந்து மூட்டைகளைப் பார்த்தார்.

"நிக்குதுவே, ஒத்துக்கிடுதேன். மூட்டையெல்லாம் ஏறின பொறவு ஆளு எங்கன உக்காருவான்? அரிசிக்கா குளத்தச் சுத்திக் காட்டப்போறிய? காலைல ரம்பத்த எடுத்துட்டு வாரேன்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. என் காலத்தில் வள்ளத்தில் ஆள் ஏறியதில்லை, தேங்காயும் நெல்லும்தான் ஏறின.

அண்ணாச்சி குடையை மடக்கினார். வியாபாரி, ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஏன்வே, மூட்டைக்குப் பதிலா ஆளு இருந்தா நிக்குமா?"

"தரையோட உக்காந்தா நிக்கும், அண்ணாச்சி. எழும்பக் கூடாது."

"அப்ப முதல்ல நம்ம ஆளுவ பத்துப் பேர் உக்காருங்க. வெளியூர்க்காரன் பாத்தான்னா, 'ஏ, கூட்டம் ஏறியிருக்கு'ன்னு அவனும் ஏறுவான். அவன்ல ஒருத்தன் ஏற நம்மாளு ஒருத்தன் எறங்கணும். ஆசாரியாரே, ரம்பம் வீட்டுலயே கெடக்கட்டும். நீரும் வாரும். உம்ம உடம்பு ரெண்டு மூட்டைக்குச் சமம்."

"நான் தச்சன் அண்ணாச்சி, மூட்டை இல்ல."

"ஒக்காருததுக்குக் கூலி தாரேன்வே."

ஆசாரி யோசித்து, வருவதாகச் சொன்னார். பிறகு அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் விலா எலும்பை எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். "உம்மளச் சேத்தா கணக்குல ஒண்ணுங் கூடாது போலருக்கே" என்று அலுத்துக்கொண்டார். இருந்தாலும் வரச் சொன்னார்.

மறுநாள் காலை குளக்கரைக்கு ஒரு தூக்குவாளியில் இட்லி வந்தது. "தின்னுட்டு ஏறும். வெறும் வயித்தோட ஏறி எனக்கு என்ன பிரயோசனம்?" என்றார் அண்ணாச்சி. பதினொன்று தின்றேன். அண்ணாச்சி எண்ணி, போதாது என்று மேலும் இரண்டு வைத்தார். பிறகு வள்ளத்தில் இறங்கி, ஆசாரிக்கு எதிரே, சப்பணம் போட்டுக் கனமாக உட்கார்ந்தேன். அன்று முதல் சீசன் முடியும்வரை அதுதான் என் வேலை.