படத்தைக் கழற்றியது யார்?

சச்சிதானந்தன் எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிற ஆள். சுவிஸின் பேர்ன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தே தலை நரைத்தவர். அங்கே வந்து குவிகிற மூட்டைகளுக்குள் என்ன இருக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. வைத்தியரின் சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருக்கும், போர்வைச் சுருளுக்குள் யாரோ ஒரு கிழவரின் பல்செட் இருக்கும். ஒருமுறை ஊசி இருந்தது. கையுறையையும் தாண்டி அது பெருவிரலில் ஏறிவிட்டது. பிறகு மாதக்கணக்கில் சோதனைக்கு இரத்தம் கொடுத்து, முடிவு வரும்வரை மனைவி சிவமலரோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கவும் பயந்துகொண்டிருந்தார். வெள்ளையாக மடித்து வைத்த துணியையே நம்பாதவர் மனிதரை எப்படி நம்புவார்?

ஓய்வுபெற்ற பிறகு அவருடைய சந்தேகங்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. பேர்னை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் நாலாம் மாடியில் வீடு. விடிய எழும்பி ஒரு நடை, ஸ்டேஷனில் இலவசப் பத்திரிகை, பிறகு கடைத்தொகுதி உணவகத்தில் மகேஸ்வரனோடு ஒரு கோப்பி. மகேஸ்வரன் அவரோடு ஒன்றாக அகதி முகாமில் கிடந்து, ஒன்றாகச் சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்தவர். தேர்தல் காலம் வந்துவிட்டால் அந்தக் கோப்பி ஆறிப் பச்சைத் தண்ணியாகும்வரை சச்சிதானந்தன் கதைப்பார். மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைப்போம் என்று சொல்கிறவனை நம்பமாட்டார், குறைக்க முடியாது என்று சொல்கிறவனையும் நம்பமாட்டார். தபால்பெட்டியில் விழும் துண்டுப்பிரசுரங்களில் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். தன்னுடைய வாக்கைத் தபாலில் அனுப்பாமல், நடந்துபோய் நகரசபைக் கட்டடத்துப் பெட்டியில் போட்டு, உறை உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அந்த வாக்கு எப்போதும் ஒரே கட்சிக்குத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் குறைக்கவேண்டும் என்று சொல்கிற கட்சி அது. நாங்களும் அப்படி வந்தவர்கள்தானே என்று சிவமலர் கேட்டால், நாங்கள் வந்து முதுகு முறிய வேலை செய்தோம், இப்போது வருகிறவர்களை யார் கண்டது என்பார். சிவமலர் அதற்கு மேல் வாய் கொடுப்பதில்லை. அவளுடைய வாக்குச்சீட்டை அவள் தனியாக அறைக்குள் வைத்து நிரப்புவாள். அதுவும் அவருக்கு ஒரு சந்தேகம்தான்.

அந்த வருட நகரசபைத் தேர்தலில் யாதவி நின்றாள். சிறீதரனின் மகள். பேர்னில் பிறந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை படித்து, வேலை செய்கிறவள். சிறீதரனும் ஆஸ்பத்திரிக்காரர்தான். சலவைப் பகுதிக்கு மேல்மாடியில் துப்புரவு வேலை, இன்னும் ஓய்வுபெறவில்லை. இடதுசாரிக் கட்சி ஒன்றின் பட்டியலில் யாதவியின் பெயர் வந்தது. புரட்டாதி முடிய, பஸ் தரிப்பிடத்து விளக்குக் கம்பங்களில் அவளுடைய சிரித்த முகமும் வந்தது. தமிழ்ச் சனம் பூரித்துப்போனது. கோயிலில் அதே பேச்சு. சச்சிதானந்தன் மட்டும் உணவகத்தில் உட்கார்ந்து, வீட்டு வாடகையைக் குறைக்கிறோம், தெருவில் கார்களை மெதுவாக ஓட வைக்கிறோம் என்று அவள் சொல்வதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை என்றார். தமிழ்ப் பிள்ளை என்றதற்காக வாக்குப் போடச் சொல்வதும் ஒரு தந்திரம்தான் என்றார். கடைசியில், எழும்பிப் போகும்போது, "உந்தப் படம் உதிலை கனநாள் நிக்காது, இருந்து பாருங்கோ" என்றும் சொல்லிவிட்டார். சனத்துக்கு அவளைப் பிடிக்காமல் போகும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

அடுத்த கிழமை படங்கள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் பஸ் தரிப்பிடத்துப் படம் போனது. பிறகு பள்ளிக்கூடத்து வளைவிலிருந்தது. கட்சிக்காரர் புதிதாகக் கட்டினார்கள், இரண்டொரு நாளில் அதுவும் போனது. மற்றக் கட்சிக்காரரின் படங்கள் எல்லாம் மழையில் நனைந்தபடி அப்படியே நின்றன. விடியற்காலையில் தெருவில் நடக்கிற தமிழர் யார், அந்தப் பிள்ளையைப் பிடிக்காதவர் யார், படம் நிற்காது என்று முன்கூட்டியே சொன்னவர் யார் என்று சனம் கூட்டிக் கழித்துப் பார்த்தது. மகேஸ்வரன் பகிடி மாதிரி ஒருநாள் கேட்டார். அதற்குப் பிறகு கோப்பிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானத்துக்குப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள்.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஒருநாள் சிவமலர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள்.

"என்னப்பா, என்னட்டையாவது உண்மையைச் சொல்லுங்கோ. நீங்களோ கழட்டிறது?"

இத்தனை காலமும் ஊரையே சந்தேகப்பட்டவருக்கு, தன் வீட்டுக்குள்ளிருந்தே அந்தக் கேள்வி வந்தது. இல்லை என்று சொன்னார். அவள் நம்பினாளா என்று முகத்தைப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

கள்ளனைப் பிடிப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தார். கீழ்த்தட்டில் இருக்கும் சுவிஸ்காரக் கிழவரில் அவருக்கு ஒரு கண். கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் மிளகாய் மணக்கிறது என்று முறையிடுகிற மனுஷன் அவர். அகதி விடுதிக்குப் புதிதாக வந்த பெடியங்களில் இன்னொரு கண். மகேஸ்வரனிலும் ஒரு கண். கட்சிப் பட்டியலில் தன் மருமகனுக்குக் கிடைக்காத இடம் யாதவிக்குக் கிடைத்ததே என்று அவருக்கு உள்ளுக்குள் எரிச்சல் இருக்கலாமே. இப்படியே தெரிந்தவர் எல்லாரையும் மனதுக்குள் ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கியபடி, வழமையான நடையை இன்னும் முந்தித் தொடங்கினார்.

கார்த்திகை மாதத்துப் பனிப்புகார் தெருவை மூடியிருந்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்து வளைவில் ஒருவன் கம்பத்தோடு நின்று எதையோ நறுக்குவதைக் கண்டார். கிட்டப் போகும்வரை மூச்சையும் அடக்கிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் நாடா அறுந்து விழுந்தது. அந்த ஆள் படத்தை இறக்கிக்கொண்டு திரும்பினான். சிறீதரன்.

"சிறீ, நீயோ?"

சிறீதரன் படத்தை நெஞ்சோடு சேர்த்து மறைத்தார். "அண்ணை, நீங்கள் போங்கோ. பேந்து கதைப்பம்."

"என்ர பேர் நாறிப்போய்க் கிடக்குது. இப்ப கதை."

சிறீதரன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பிப் பிடித்தார். யாதவியின் முகத்துக்குக் குறுக்கே தடித்த கறுப்பு மையால் எழுதியிருந்தது. வந்த இடத்துக்கே போ என்பது மேல்வரி. கீழே இருந்தது, பெற்ற தகப்பன் படிக்கக்கூடாத சொல்.

ஒவ்வொன்றிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறான் என்றார் சிறீதரன். காலை வேலைக்குப் போகிற வழியில் பார்த்து, எழுதிக் கிடப்பதைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைத்துவிட்டுப் போகிறாராம். பொலிசுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் சச்சிதானந்தன்.

"சொன்னால் அவளைக் கூப்பிட்டுக் கேப்பினம். அவள் இஞ்ச பிறந்தவள் அண்ணை. தன்னைப் பற்றி உப்பிடி நினைக்கிற ஆக்களும் இருக்கினம் எண்டு அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்."

அந்த நேரத்திலும் சச்சிதானந்தனின் புத்தி தன் வேலையைப் பார்த்தது. அனுதாப வாக்குக்காக இவனே எழுதுகிறானோ என்று நினைத்து, சிறீதரனின் விரல்களில் மை இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மை இல்லை. துப்புரவு மருந்தில் வெடித்த தோல் மட்டும்தான் இருந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்னையே நொந்துகொண்டார்.

தேர்தல் முடியும்வரை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று சிறீதரன் கெஞ்சினார்.

"அதுவரைக்கும் என்னைத்தானே சனம் சொல்லும்?"

"ஓம் அண்ணை. எனக்கும் காதிலை விழுந்தது."

காதில் விழுந்தும் பேசாமல் இருந்திருக்கிறான். அதைக் கேட்டபோது ஊசி குத்தினதைவிட நொந்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு நடை வேறு, பார்வை வேறு. எழுதியவன் யார்? பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவன் அவனாக இருக்கலாம். பேக்கரியில் பாண் வாங்கும்போது வணக்கம் சொல்கிறவளாகவும் இருக்கலாம். சனிக்கிழமை, கடைத்தொகுதி வாசலில் அவருடைய கட்சிக்காரர்கள் குடை விரித்து மேசை போட்டு அப்பிள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற தளபாடக் கடைக்காரர் அவர்களுடைய வேட்பாளர். இந்த நாட்டுப் பட்டியலில் பிடித்தவரின் பெயரை இரண்டு தரம் எழுதலாம். ஒவ்வொரு தேர்தலிலும் சச்சிதானந்தன் இரண்டு தரம் எழுதுவது அந்த மனிதரின் பெயரைத்தான். அவரிடம் போய், ஒரு வேட்பாளரின் படத்தில் யாரோ அசிங்கமாக எழுதுகிறார்களாமே, உங்கள் கட்சி அதைக் கண்டிக்காதா என்று தன்னுடைய ஜெர்மனில் கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். அந்தத் தமிழ்ப் பெண்ணின் படமா என்று கேட்டார். தேர்தல் என்றால் அதெல்லாம் வரும்தான், தோல் கொஞ்சம் தடிப்பாக இருக்கவேண்டும் என்று சொல்லி, ஓர் அப்பிளை எடுத்துக் கையில் வைத்தார்.

பாதி வழியில்தான் சச்சிதானந்தனுக்கு உறைத்தது. யாருடைய படம் என்று அவர் சொல்லவே இல்லையே. எழுதின படங்களைச் சிறீதரனையும் தன்னையும் தவிர வேறு யார் கண்டது? படம் காணாமல் போன கதை ஊரெல்லாம் அடிபட்டதுதானே, அதை வைத்துச் சொல்லியிருப்பான் என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் அதை ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பிளை மேசையில் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், யாதவி மணியடித்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, சிவமலர் கொடுத்த தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நேரடியாக் கேக்கிறன், கோவிக்காதேங்கோ. என்ர படங்களை நீங்கள் கழட்டினனீங்களோ?"

அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. ஊரில் ஒருவரும் இப்படி முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. "இல்லைப் பிள்ளை" என்றார்.

"அப்ப ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும். சொல்ல மாட்டன். வாக்குக் குடுத்திட்டன்."

அடுப்படி வாசலில் நின்ற சிவமலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். யாதவி கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, அது தனக்கு நல்லது நினைக்கிற ஆளா, கெட்டது நினைக்கிற ஆளா என்று கேட்டாள். நல்லது நினைக்கிற ஆள்தான் என்று சச்சிதானந்தன் சொன்னதும் அவளுடைய முகம் மாறியது.

"அப்பாவோ?"

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவடியில் அவள் சப்பாத்து மாட்டும்போது மட்டும் மெல்லச் சொன்னார். "கோவிக்கிறதெண்டால், முதல் உங்கடை நிலவறையைப் போய்ப் பாத்திட்டுக் கோவி."

சிறீதரன் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை யாதவி கடைத்தொகுதி வாசலில் நின்றாள். மேசை இல்லை, அப்பிள் இல்லை. அவளுடைய படங்கள் சுவரோரமாக வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தக் கறுப்பு எழுத்து. வருகிறவர்களிடம் அவள் வாக்குக் கேட்கவில்லை. இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் சிறீதரன், கோயிலுக்குப் போடுகிற சட்டையோடு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். ஆனால் நின்றார். சிலர் வாசித்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். பலர் தலையைத் திருப்பிக்கொண்டு பாண் வாங்கப் போனார்கள். எதிரே குடையின் கீழ் நின்ற தளபாடக் கடைக்காரர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். மகேஸ்வரன் வந்தார், பார்த்தார், ஓரமாக நின்ற சச்சிதானந்தனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாதவி பொலிசிலும் முறைப்பாடு கொடுத்திருந்தாள். எழுதியவன் பிடிபடவில்லை.

அன்று பின்னேரம் சச்சிதானந்தன் வாக்குச்சீட்டை விரித்தார். தன்னுடைய கட்சிப் பட்டியல்தான். அதில் கடைக்காரரின் பெயரைக் கோடு போட்டு வெட்டினார். மற்றக் கட்சிக்காரரின் பெயரையும் அங்கே எழுத இடமுண்டு. வெட்டின பெயருக்கு மேலே யாதவியின் பெயரை எழுத்துக்கூட்டி ஒருதரம் எழுதினார். இரண்டாவது தரம் எழுதப் பேனை வரவில்லை. அந்த வாடகைக் கதையை அவர் இன்னமும் நம்பவில்லை. சிவமலர் கிட்ட வந்தபோது கையால் மறைத்துக்கொண்டார்.

யாதவி வெல்லவில்லை. அவளுடைய கட்சியில் யாராவது விலகினால் அந்த இடத்துக்குப் போகிற அடுத்த ஆளாக வந்தாள். கடைக்காரர் வென்றார். மகேஸ்வரன் கோப்பி வாங்கிக் கொடுத்துக் குளிரைப் பற்றிக் கதைத்தார். மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறீதரன் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெயில் காலம் தொடங்கியபோது நகரசபையிலிருந்த அவளுடைய கட்சிக்காரர் ஒருவர் வேறு ஊருக்கு வீடு மாறினார். அந்த இடம் யாதவிக்கு வந்தது. நகரசபைக் கூட்டத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம் என்று சச்சிதானந்தனுக்குத் தெரியும், ஆனால் அதுவரை போனதில்லை. அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தார். எங்கே என்று சிவமலர் கேட்டாள்.

"என்ர வாக்கையும் வாங்கினவள். என்ன செய்யிறாள் எண்டு பாக்கத்தான்."

சிவமலர் அவரை ஒருகணம் பார்த்தாள். பிறகு நானும் வாறன் என்று சொல்லிக் கைப்பையை எடுத்தாள். பின்வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். யாதவி எழுந்து பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை வேண்டும் என்று பேசினாள். செலவைப் பற்றி அவள் சொன்னதில் பாதியைச் சச்சிதானந்தன் ஏற்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கூட்டம் முடியும்வரை அசையாமல் இருந்து கேட்டார். அடுத்த கூட்டம் எப்போது என்று வாசலில் ஒட்டியிருந்ததையும் நின்று வாசித்துவிட்டுத்தான் வந்தார்.