மேஜை மேஜையாகச் சுற்றிய பென்டிரைவ்

என் மேஜை டிராயரில் ஒரு பழைய பென்டிரைவ் கிடக்கிறது. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஷூவுக்கு வெட்டியதில் மிஞ்சிய தோல் துண்டில் ஓட்டை போட்டுக் கோத்திருக்கும். அதைக் காணும்போதெல்லாம், அப்பாடா என்று இன்றும் ஒரு பெருமூச்சு வருகிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மென்பொருள் பிரிவில் நான் சேர்ந்தபோது, அது எங்கள் டீம் லீடர் அக்காவின் கழுத்தில் ஐடி கார்டோடு தொங்கும்; என்னிடம் அவள் கொடுத்தது பிற்பாடுதான். தோல் வெட்டும் இயந்திரங்களுக்கு அளவு அனுப்பும் மென்பொருளை நாங்கள் எழுதினோம். எழுதிய நிரலை, அதாவது 'கோடு' என்று நாங்கள் சொல்வதை, எல்லாருக்கும் பொதுவான 'கிட்' என்ற சேமிப்பில் சேர்க்கும் நொடியில் தானாக ஓடி, அளவு தப்பாக இருந்தால் தடுத்து நிறுத்தும் ஸ்கிரிப்டை அக்கா எழுதியிருந்தாள். சிக்கல் என்னவென்றால், கோடு எல்லாருக்கும் கிட் வழியாகவே வந்துவிடும். இந்த ஸ்கிரிப்ட் வராது. அக்கா அதை மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் போட வேண்டும்.

அதற்கு அக்கா பிடித்த நேரம் வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகைக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள், சீட் காலியாக இருக்கும். பென்டிரைவோடு மேஜை மேஜையாக நகர்வாள். போனவர்களில் சிலர் ஒழுங்காகத் திரையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். "வந்ததும் போட்டுக்கலாம்" என்பாள். அவர்கள் வரும்போது பிரியாணியும் வந்துவிடும். பிரியாணி வந்த பிறகு ஸ்கிரிப்டாவது ஒன்றாவது!

அக்காவுக்குப் பிரசவ விடுப்பு தொடங்க இருந்த வாரம் அது. ஜோலார்பேட்டையில் அம்மா வீட்டில் எல்லாம் தயார். ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து கட்டிங் சூப்பர்வைசர் போன் செய்தார். "இன்னாம்மா இது, எட்டாம் நம்பர் ஷூக்கு ஏழாம் நம்பர் அளவு காட்டுது? நல்லவேள, பாத்து நிறுத்திட்டேன்." வெட்டியிருந்தால் அந்தத் தோலை யார் ஒட்டுவது? தேடிப் பார்த்தால், வெள்ளிக்கிழமை தவறாமல் திரையைப் பூட்டிவிட்டுப் போகும் என் எதிர் சீட்டு பாயின் கம்ப்யூட்டரில் பழைய ஸ்கிரிப்டே இருந்தது. "நான் தொழுகைக்குப் போனப்ப போட்டிருப்பீங்கனு நெனச்சேன் மேடம்" என்றார். பாவம், முகமே செத்துவிட்டது.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் எங்க லீவுல போறது? புள்ள பொறந்தாலும் இத தூக்கிட்டு ஓடியாரணும் போல" என்றவளின் கண் நிறைந்தது. எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பாய் மெல்லக் கேட்டார். "கோடு மட்டும் எல்லாருக்கும் தானா வருது. இது மட்டும் இன்னாத்துக்கு மேடம் கையில சுத்துது?"

"அதுக்கு வழி இருக்கு பாய். அப்புறம் பாத்துக்கலாம்னே நாளு போய்டுச்சு" என்றாள் அக்கா.

அன்றே உட்கார்ந்தோம். ஸ்கிரிப்ட்களை கோடோடு சேர்ந்தாற்போல ஒரு ஃபோல்டரில் வைத்து, கிட் அங்கேயே போய்ப் பார்க்கும்படி செட்டிங் மாற்றினாள். வேலை தொடங்க எல்லாரும் கொடுக்கும் கட்டளையிலேயே அந்தச் செட்டிங்கையும் சேர்த்துவிட்டாள். பாய் வேண்டுமென்றே தப்பான அளவு போட்டார். 'அளவு சரியில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷரை நான் பார்த்ததே இல்லை.

அக்கா கிளம்பினாள். ஒருவரும் அவளுக்குப் போன் செய்யவில்லை, செய்யத் தேவையே வரவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள். "இன்னாடி, ஒரு பேஜாரும் இல்லயா? என்ன சுத்தமா மறந்துட்டீங்களா?" குரலில் கொஞ்சம் கோபம், பின்னாலேயே குழந்தையின் அழுகை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

விடுப்பு முடிந்து அவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை, கழுத்தில் அதே பென்டிரைவ். ஐயோ, மறுபடியுமா என்று எனக்குத் திக்கென்றது. அவள் அதை என் கம்ப்யூட்டரில் செருகினாள். உள்ளே ஒரு ஸ்கிரிப்ட் கூட இல்லை. எல்லாம் மகளின் படங்கள். மேஜை மேஜையாக அது போனது. ஜும்மாவுக்குக் கிளம்பிய பாய் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, பூட்டிய திரையைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.