பாலில் ஒரு சொட்டுத் தேன்

பால்கனியில் இருந்த தேன்கூட்டுக்கு மருந்தடித்துவிட்டுப் போனார்கள். அந்த நெடி என்னைக் குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்கு இழுத்துப்போனது. எண்பதுகளின் தொடக்கம். காட்டு மரங்களில் கோடரி படவிடாத அப்பா, ஏலம் பூக்கும் மாதங்களில் மருந்தையும் தொடமாட்டார். “தேனீ வந்து உக்காந்தாத்தான் காய் பிடிக்கும்” என்பார்.

அந்த வருஷம் பூக்கும் நேரத்திலேயே செடியெல்லாம் பூச்சி விழுந்தது.

“பிள்ளைக பட்டினி கிடக்கவா? வெரசா மருந்த அடிங்க” என்றாள் அம்மா.

அடித்தார். மறுநாள் செடிகளுக்கடியில் செத்துக் கிடந்த தேனீக்களைத் துண்டில் அள்ளிவந்து அம்மா முன்னால் கொட்டினார். அந்தப் பருவம் காயும் பிடிக்கவில்லை.

தொண்ணூறு வயதுவரை எங்களோடு நன்றாகத்தான் வாழ்ந்தார். அதற்குப் பிறகு தேன் மட்டும் தொடவில்லை. கடைசி நாளில் பால் ஊற்ற அம்மா குனிந்தாள்.

“ஒரு சொட்டுத் தேன் விட்டிருக்கேன், குடிங்க.”

அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்.