துண்டுக்கடியில் விரல்கள்

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மெஷின் மாட்டினால் லாரி ஹாரன் கேட்கும், பேச்சு கேட்காது. குச்சனூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்தாள். படித்தாள் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை அப்படிச் சொல்லவில்லை.

"பாருங்கம்மா, இங்கன அவ வந்து உக்காந்துட்டுப் போறா, அம்புட்டுத்தேன். மதுரையில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கு, ஹாஸ்டலும் இருக்கு. முழுப்பரீட்சை முடிஞ்சதும் டீசி வாங்கிக்கிருங்க" என்றார். கெட்ட மனுஷியாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். சண்டைக்கு நான் யாரிடமும் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அக்கறையாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளை. விளக்கை அணைத்துவிட்டால் நாங்கள் கையசைத்துப் பேசுவது அவளுக்குத் தெரியாது. அதனால் தூக்கம் வரும்வரை என் விரல்களைப் பிடித்துக்கொண்டே கிடப்பாள். ஹாஸ்டலில் யார் விரலைப் பிடிப்பாள்? ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும்போது இந்த நினைப்பு வந்தால் தையல் கோணிக்கொண்டு போகும். பிரித்துத் தைப்பேன், மறுபடி கோணும்.

ஒருநாள் இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் தொட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஓடினாள். இவளை யாரும் தொடவில்லை. இவள் தொட்டால் யாரும் அவுட் ஆகவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருக்கிறார்கள். அது தெரியாமல் இவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாய் வந்தது. யாரைத் திட்ட? பிள்ளைகளையா திட்ட முடியும்?

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடியும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. மகள் கைக்குழந்தையாய் இருந்ததிலிருந்தே அவர் அவளிடம் அப்படித்தான் பேசுவார். எத்தனை இட்லி வேண்டும் என்பதற்குக்கூட விரல்தான். ஒருநாள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்தபோது, வாய் இருந்தும் நான் வெளியே நிற்பதுபோல் இருந்தது. இதையே விளையாட்டாக்கினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பழைய துண்டுகளை வெட்டி ஓரம் அடித்தேன். அட்டையில் எண்கள் எழுதிச் சீட்டு செய்தேன். ஒருத்தி தன் சீட்டிலுள்ள எண்ணைத் துண்டுக்கடியில் விரலால் சொல்ல வேண்டும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையைச் சுரண்டினால் பத்து. எதிரே இருப்பவள் அதைத் தன் சீட்டோடு கூட்டிச் சிலேட்டில் எழுத வேண்டும். முதலில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டில் ஆட வைத்தேன். நாசமாய்ப் போயிற்று. ஒருவன் விரலைப் பிடிப்பதற்குள் மற்றதெல்லாம் "ஏழு, ஏழு" என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் என் மகள் தனியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த விதியைச் சேர்த்தேன்: வாயைத் திறந்தவருக்கு ஆட்டம் போச்சு.

நான் போய்க் கேட்டதும் வகுப்பு ஆசிரியை ஒருநாள் கடைசிப் பீரியடைக் கொடுத்தார். விதியைச் சொல்லி, என் மகளை நடுவில் உட்கார வைத்துத் துண்டை விரித்தேன். எதிரே யார் வருவீர்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. மகள் துண்டுக்கடியில் கையை நீட்டியபடி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். இதற்கா இத்தனை பாடுபட்டோம், பிள்ளையைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்துக் கேவலப்படுத்தவா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா தினமும் ஜீப்பில் மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். அவள் கையை நீட்டிய பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். வகுப்பில் சத்தமே இல்லாததால், பிள்ளைகள் எங்கே போய்விட்டார்களோ என்று தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். டீசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம்தான் பயம் கூடியது. துண்டுகளை வகுப்பிலேயே விட்டு வந்திருந்தேன். விளையாடினாயா என்று சாயந்திரம் சைகையில் கேட்பேன். விளையாடினேன் என்பாள். நம்ப முடியவில்லை. தொட்டுப் பிடித்ததையும் அவள் விளையாட்டு என்றுதானே நினைத்திருந்தாள்.

முழுப்பரீட்சை நெருங்கும் சமயத்தில் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். உடனே வரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. ஊசி துணியில் குத்தி நின்றபடி இருக்க, அப்படியே ஓடினேன். முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

ஆபீஸ் வாசலில் இரண்டு பேரை நிற்க வைத்திருந்தார்கள். ஒருத்தி என் மகள், ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. இன்னொருத்தி முதலில் கை நீட்டிய அதே பெண். கன்னத்தில் நகக் கீறல். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"அத்த, இவ கள்ளாட்டம் ஆடுறா. எஞ்சீட்ட எட்டிப் பாத்துட்டு எழுதுறா. கேட்டா பிராண்டுறா. இனிமே இவளச் சேக்கவே மாட்டோம்."

மகள் அவளுடைய வாயைப் பார்த்தாள். உடனே என் பக்கம் திரும்பி, அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள் என்று கையை வீசி வீசிச் சொன்னாள். தலைமையாசிரியையிடம் நானே முந்திக்கொண்டு கேட்டேன், டீசிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று.

"எதுக்கு? சண்ட போட்டதுக்கா? அப்ப இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள மிஞ்சாது. அவ அம்மா ஜீப்ப விட்டு எறங்குனதும் போயி ஒரு வார்த்த சொல்லிருங்க. அடுத்த வருசமும் ரெண்டும் ஒரே வகுப்புலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

சாயந்திரம் ஜீப் நிற்கும் இடத்தில் மகளை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். வழியெல்லாம் சைகையில் திட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பார்க்கவே மறுத்தாள். அந்த அம்மாள் தூக்குவாளியோடு இறங்கினார். என் மகள் உங்கள் பிள்ளையைக் கீறிவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இவளால் ஒரு பிள்ளைக்குக் காயம் என்று அதுவரை யாரிடமும் நான் போய் நின்றதே இல்லை; இவளோடு சண்டை போட ஒரு பிள்ளை இருந்ததும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக சண்டதானக்கா, இதுக்குப் போயி யாராச்சும் அழுவாகளா?"