குளவிக்கும் பங்குள்ள பழத்தோட்டம்

பிற்பகல் மூன்று பத்துக்கு இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் குளவிக்கூடு கலைகிறது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு மக்களுக்கும் பறவைகளுக்கும் பொதுவாக அங்கே ஒரு பழத்தோட்டம் உருவாகிறது. கொய்யாக்கன்று நடப் போன என் மகள் மேலேதான் இருக்கிறாள். ஏறி ஓடப் பார்க்கிறேன். கொழுந்து பறிக்கும் செல்வி என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"நீங்களும் ஓடுனா குளவிக்கு இன்னொரு ஆளு. உக்காருங்க சார். எங்காளுங்க படங்கைப் போத்திப் படுக்க வச்சிருப்பாங்க."

செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டும் அந்தத் தடித்த விரிப்பு போதுமா என்று நினைத்தபடி சரிவைப் பார்த்து உட்காருகிறேன்.

அரை மணி கழித்து மகள் நடந்தே வருகிறாள். கன்னம் வீங்கியிருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. நான் மேலே கூடு இருந்த பக்கம் பார்க்கிறேன்.

"கூட்டைக் கொளுத்தச் சொல்லிறாதீங்கப்பா," என்கிறாள். "அது இருந்த கிளைய நான்தான் வெட்டிட்டேன்."