குசுகுசு என்றொரு அறிவிப்பு முறை

1. முதல் நாள்

ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற கப்பல்துறையில், தீவுக் கப்பல்கள் வரும், போகும் நேரத்தை மைக்கில் சொல்வதுதான் என் உத்தியோகம். சேர்ந்த முதல் நாள், ஹட் பே கப்பல் தாமதம் என்று இந்தியிலும் தமிழிலும் கணீரென்று அறிவித்தேன். முடித்ததும் ஒரு பயணி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"அது சரி மேடம். நெசமா எப்பப் போவுது?"

மைக்கில் வருவது சும்மா ஒப்புக்கு, காதில் வருவதுதான் செய்தி என்பது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே, என் கண்ணெதிரில் போர்ட்டரைப் பிடித்து விசாரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2. ஒரு சொல்லாராய்ச்சி

இப்படி என் பிழைப்பில் மண்ணைப் போடும் இந்தச் சங்கதிக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேண்டீனில் விசாரித்தேன். தமிழில் நாம் குசுகுசு என்கிறோம். டிக்கெட் கவுன்டர் ராவ், தெலுங்கில் குஸகுஸ என்றார். கேண்டீன்கார வங்காளி ஃபிஸ்ஃபிஸ் என்றார். எங்கள் சூப்பர்வைசர், "இந்தியில ஃபுஸ்ஃபுஸ்" என்றார். யாரிடமிருந்து யார் எடுத்தது என்று சண்டையே வந்தது.

யாரும் யாரிடமும் எடுக்கவில்லை என்பது என் தீர்ப்பு. குரலை அடக்கிவிட்டால் வாயில் மிஞ்சுவது வெறும் காற்றுதான். அது பல்லிடுக்கில் எழுப்புகிற சத்தத்தையே அவரவர் வாய்க்கு வந்தபடி பெயராக வைத்திருக்கிறார்கள். பொருள் என்ன என்றால், அகராதி "தாழ்ந்த குரலில் பேசுதல்" என்று சொல்லும். ஜெட்டியில் கேட்டால் "நம்பகமான தகவல்" என்பார்கள்.

3. தொண்டை கட்டிய நாள்

அன்று எனக்குக் காய்ச்சல். குரல் சுத்தமாகப் போய்விட்டது. மதியம் கிளம்ப வேண்டிய ஹட் பே கப்பலைக் காலையிலேயே எடுக்கப் போவதாகக் கேப்டன் சொல்லியனுப்பினார். காற்று வலுக்கிறது, இதை விட்டால் கடல் அடங்கும்வரை அடுத்த கப்பல் கிடையாது. சூப்பர்வைசரே மைக்கைப் பிடித்து முழங்கினார். ஒருவரும் அசையவில்லை. "சீக்கிரம்னு சொல்றாங்கன்னா லேட்டுன்னு அர்த்தம்" என்று ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடவே உட்கார்ந்துவிட்டார்.

அந்தோணி என்ற மீன்காரர் மட்டும் என்னிடம் வந்தார். மறுநாள் ஹட் பே கோயிலில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் தாயும் பூ வாங்க பஜாருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் போன் இவர் பையில்.

"பக்காவா சொல்லுங்க மேடம். மதியம்தான?"

எனக்கு வந்தது காற்று மட்டும்தான். அவர் காதருகே குனிந்தேன். "ஷிப் இப்பவே போவுது. இத விட்டா இல்ல." வாய் சும்மா இருக்காமல் ஒன்று சேர்த்தேன்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு ஓர் ஆட்டோக்காரர் காதில். அவ்வளவுதான். பயணிகள் ஷெட் முழுக்க நாலைந்து மொழிகளில் அந்தக் காற்றுச் சத்தம் ஓடியது. பொட்டலத்தைப் பிரித்தவர் அதை மூடாமலே கப்பலுக்கு ஓடினார். சூப்பர்வைசர் மைக்கோடு வாயைப் பிளந்து நின்றார்.

ஏறுபலகையை எடுக்கப் போகும் நேரம். பெண்ணைக் காணோம். அந்தோணி கேட்டைப் பார்த்தபடி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்குப் போய் நின்றேன். கடைசியில் ஓர் ஆட்டோ வந்து நிற்க, பூக்கூடையோடு தாயும் மகளும் குதித்தார்கள். ஓடுகிற ஓட்டத்தில் அந்தப் பெண் என்னருகே நின்று, என் தோளைப் பிடித்து, காதோடு சொன்னாள்:

"அக்கா, நீங்களும் ஓடி வாங்க. ஷிப் இப்பவே போவுதாம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். மைக்கில் கட்டாயம் அறிவியுங்கள், அதற்குத்தான் சம்பளம். செய்தி போய்ச் சேர வேண்டுமானால், ஒரே ஒருவரிடம் ரகசியம் என்று சொல்லிவிடுங்கள்.